மிளகாய்க்கு முன்னால் ஒரு கரண்டி

அம்மியில் வற்றல் மிளகாய் நசுங்கும் நெடி தெருவில் போகிறவர்களைக்கூடத் தும்ம வைக்கும். இராஜபாளையத்தில் எங்கள் தெருச் சமையல் அப்படி. உறைக்காத குழம்பை அங்கே யாரும் குழம்பென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்தத் தெருவில் இருந்த என் அம்மாவுக்குத்தான் வாயில் புற்று வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் அம்மாவின் கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்துவிட்டு, திருவிதாங்கூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இதற்கு ரேடியம் வைத்துப் புற்றைப் பொசுக்குகிறார்கள், ஆனால் உடம்பில் தெம்பு இல்லாமல் அனுப்ப முடியாது, முதலில் சாப்பிட வையுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அம்மாவோ சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எது பட்டாலும் எரிந்தது; வெறுங்கஞ்சியையே எத்தனை நாள்தான் குடிப்பாள்! சொந்தக்காரர்கள் 'ஒட்டுவாரொட்டி' என்று பயந்து வாசலோடு விசாரித்துவிட்டுப் போனார்கள். அம்மா சேலைத் தலைப்பால் கன்னத்தை மூடிக்கொண்டு அடுப்படியிலேயே முடங்கினாள். அவள் செத்துப்போய்விடுவாளோ என்ற பயம் என்னைப் பள்ளிக்கூடத்திலும் விடவில்லை.

பக்கத்து வீட்டு வெங்கம்மா அத்தை, தன் வீட்டில் தெலுங்கும் எங்களிடம் தமிழும் பேசுகிறவர், ஒருநாள் விறுவிறுவென்று அடுப்படிக்குள் வந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்து கிண்ணத்தை நீட்டினார்.

"ஏட்டி ஞானம், வத்தல் போடுறதுக்கு முந்தியே ஒரு கரண்டி எடுத்துட்டேன். பருப்பும் சொரைக்காயுந்தான். சித்த வாயில வச்சுப் பாரு."

"தள்ளி இருங்க மைனி, ஒங்களுக்கும் ஒட்டிக்கிடும்."

"ஒட்டுனா ஒட்டட்டும். எனக்கு ஆக்கிப்போட நீ எந்திரிச்சு வரமாட்டியாக்கும்?"

அம்மா சிரித்தாள், சிரித்ததில் வலித்து அழுதாள். பிறகு சாப்பிட்டாள்.

எங்கள் தெருவில் ஒரு செய்தி பரவக் கிணற்றடி போதும். அதன்பிறகு வீட்டுக்கு வீடு, மிளகாய் அரைத்து ஊற்றுமுன் அம்மாவுக்கென்று ஒரு கரண்டி எடுப்பது வழக்கமாயிற்று. "அம்மாயி, கிண்ணத்தக் கொண்டா, பொறவு வத்தலப் போட்டுருவேன்!" என்று வெங்கம்மா அத்தை சுவருக்கு அப்பாலிருந்து கூப்பிட, நான் ஓடுவேன். அவருக்குச் சிறுபெண்கள் எல்லாருமே 'அம்மாயி'தான். ஒரு வீட்டில் மறந்து மிளகாயைப் போட்டுவிட்டு, புதிதாகப் பருப்பை வேகவைத்தார்கள்; அம்மாவுக்குக் கொடுத்த பிறகுதான் தங்களுக்கு என்று இருந்தார்கள். அந்த வீட்டு மாமாவுக்கு அன்று மத்தியானச் சாப்பாடு சாயங்காலம்தான் கிடைத்தது.

அம்மா தேறினாள், தெற்கே ரயிலேறிப் போனாள், ரேடியம் வைத்துக்கொண்டு திரும்பியும் வந்தாள். உறைப்பு மட்டும் கடைசிவரை ஆகவில்லை, கிண்ணங்களும் நிற்கவில்லை. சில வருஷம் கழித்து நோய் கழுத்தில் வந்தபோது யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அடக்கம் முடிந்து வந்தோம். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று வெங்கம்மா அத்தைதான் எல்லாருக்கும் சோறும் குழம்பும் கொண்டுவந்தார். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு அத்தையை நிமிர்ந்து பார்த்தார். குழம்பில் காரமே இல்லை.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ கிண்ணங்கொண்டு வருவேன்னே இருந்துட்டேன் அம்மாயி. வத்தலே போடல."

அப்பா அந்தக் குழம்பையே ஊற்றிப் பிசைந்து மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

இப்போது அந்தத் தெருவில் ஒரு வீட்டுச் சமையல் அடுத்த வீட்டுக்குத் தெரிவதில்லை. வெங்கம்மா அத்தையும் இல்லை, கரண்டி எடுத்துவைத்த மற்றவர்களும் இல்லை. நானே பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இந்த வயதில் அம்மா வேண்டுமென்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் வேண்டியிருக்கிறது. அவள் எப்படிச் சிரிப்பாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட அந்தத் தெருவில் இன்று ஒருவரும் இல்லை.