பூசி மறைத்த வெடிப்பு

பினாங்கில் தலைக்கு மேல் ரயில் ஓடப்போகிறது என்ற பேச்சு வந்தபோது நானும் ஆசையாகத்தான் இருந்தேன். ஜெலுத்தோங்கில் பஸ்ஸுக்குக் காத்துக் காத்தே பாதி ஆயுளைத் தொலைத்தவன் நான். எங்கள் பின்சந்துக்கு அந்தப் பக்கம் தூண்கள் எழும் என்று தெரிந்த பிறகும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

வேலை தொடங்குமுன் ஒரு கடிதம் வந்தது. பாதையோரத்து வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, சுவரையும் தரையையும் படம் எடுத்து வைத்துக்கொள்வார்களாம். பின்னால் எங்காவது வெடித்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே, அதற்கு.

எங்கள் படுக்கையறையில் சன்னல் மூலையிலிருந்து தரைவரை ஏற்கெனவே ஒரு வெடிப்பு இருந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் என் மனைவியின் கட்டில். இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து நான் தாங்கிப் பிடித்தால்தான் அவளால் எழுந்து உட்கார முடியும்.

"வெளியாளுங்க வர்றாங்க, போட்டோ வேற எடுப்பாங்க. இந்தச் சுவர இப்படியேவா காட்டுவீங்க? மானம் போயிரும் லா," என்றாள்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தீபாவளிக்கு ஆள் வருகிற மாதிரிதான் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம். ஹார்டுவேர் கடையில் சிமெந்து வாங்கி வெடிப்பை அடைத்து, மேலே சாயமும் அடித்தேன். வந்தவர்கள் பளபளவென்று இருந்த சுவரைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தேன். மடத்தனத்துக்கு உபசாரம் வேறு.

பிறகு குழி தோண்டும் இயந்திரம் வந்தது. அது இறங்கும்போதெல்லாம் தரை மெல்ல நடுங்கியது. மூன்றாவது வாரம், நான் பூசிய சிமெந்து உதிர்ந்து கட்டிலில் விழுந்தது. உள்ளே வெடிப்பு சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. மனைவி அதைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். இரண்டு நாளாக அவள் கண்ணை மூடவில்லை.

தொலைபேசியில் சொன்னதும் ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். தமிழ்ப் பெண், முப்பது வயது இருக்கும். கைத்திரையில் பழைய படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். படத்தில் ஒன்றுமே இல்லை. நான் பூசியதைச் சொன்னேன்.

"பரவால்ல அங்கிள். பூசறதுக்கு முன்னாடி எவ்ளோ அகலம் இருந்துச்சு? இதே அளவா, சின்னதா?"

எனக்கு நினைவில்லை. கத்தி முனையால் சிமெந்தைத் திணித்தது மட்டும்தான் ஞாபகம். நூல் அளவுதான் இருந்தது என்றால், மூன்று வாரத்தில் சுவர் இவ்வளவு விலகியிருக்கிறது. இதே அளவு இருந்தது என்றால், வெறும் பூச்சு உதிர்ந்திருக்கிறது. நான் சொல்லப்போகும் பதிலைத் தவிர அவருக்கு வேறு அத்தாட்சி கிடையாது. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"இதே அளவுதாம்மா. அப்பவே இப்படித்தான் இருந்துச்சு."

இன்ஜினியர் குறித்துக்கொண்டார். வெடிப்பு இனி விரிகிறதா என்று பார்க்க, அதன் மேல் அளவுகோல் போல ஒரு கண்ணாடித் தகட்டை ஒட்டினார். "அப்படின்னா பயப்பட வேணாம் ஆன்ட்டி. அடுத்த வாரம் வந்து பாக்கறேன்," என்றார்.

அவர் காலணி மாட்டுவதற்குள் மனைவி தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்து, குழந்தை போலத் தூங்கினாள். அப்போது இயந்திரம் மறுபடி இறங்கியது. சன்னல் கண்ணாடி கடகடத்தது. செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினேன். இன்ஜினியர் கார் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதும்மா. அவ பயந்துருவாளேன்னுதான் அப்படிச் சொல்லிட்டேன். எவ்ளோ இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகமே இல்ல."

அவர் முகம் மாறிவிட்டது. கைப்பேசியை எடுத்துக்கொண்டே, "ஆன்ட்டிய மொதல்ல அந்த ரூம்புலேர்ந்து வெளிய கொண்டாங்க. நான் மெஷின நிப்பாட்டச் சொல்றேன்," என்றார்.

நான் உள்ளே போய் அவள் தோளைத் தொட்டு எழுப்பினேன். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன்.

"ஏங்க?" என்றாள் தூக்கக் கலக்கத்தில். "ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"