தெரணியகலையில் நான் அழித்த பதிவு

போன மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை தெரணியகலைக்குப் போய் வந்தேன். எங்கள் வலைப்பதிவர் வாட்ஸ்அப் குழு முதன்முறையாக நேரில் கூடிய நாள் அது. வாராவாரம் குழுவில் எழுத்துக் குறிப்பு போடுகிறவன் என்பதால், அன்றாட வாழ்க்கையிலிருந்து எழுதுவது எப்படி என்று என்னைப் பேசச் சொல்லியிருந்தார்கள். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் வெட்கம்.

காலை ஐந்தரைக்குக் கொழும்பில் பஸ் ஏறினேன். அவிசாவளையில் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு 8.10 தெரணியகலை பஸ். ஒன்றே கால் மணி நேரம். அங்கிருந்து தோட்டம் ஆறு கிலோமீட்டர், முச்சக்கர வண்டிக்கு 800 ரூபாய். கடைசி ஒன்றரைக் கிலோமீட்டரைப் பாதை என்று சொல்ல முடியாது. "சரி, இறங்கித் தள்ளுங்க சார்" என்றார் டிரைவர். தள்ளினேன்.

ஞாயிறு என்பதால் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா காலியாக இருந்தது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சுகந்திதான் (இது அவளே தேர்ந்த பெயர்) இடம் ஏற்பாடு செய்திருந்தாள். இருபது வயது. குழுவில் தினமும் நாலு வரி போடுவாள். மழை, கோழி, பஸ் டிக்கெட் என்று எதையும் எழுதுவாள், தன் வீட்டைத் தவிர. 'வீட்டுக்குள்ளிருந்து தொடங்கு' என்று ஒருமுறை எல்லோர் முன்னாலும் அவளுக்கு அறிவுரை சொல்லியிருக்கிறேன்.

பதினான்கு பேர் குழந்தைகளின் சின்ன நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். உதாரணத்துக்கு என் பதிவையே வாசித்தேன். நாலு வருடம் முன்பு இதே தோட்டத்தில் மழைக்கு ஒதுங்கியபோது, ரப்பர் பால் வெட்டும் ஓர் அக்கா தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தன் வீட்டுக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். பால் வாடை அடிக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு வராதே என்று மகள் சொல்வதாகச் சொல்லி அழுதார். அதை அப்படியே எழுதி, வீட்டு வாசல் படத்தோடு போட்டேன். நான் எழுதியதில் அதிகம் பேர் வாசித்தது அதைத்தான்.

கைதட்டினார்கள். சுகந்தி மட்டும் தட்டவில்லை.

"அண்ணா, அந்த மகள் நான்தான்" என்றாள். "கிளாஸ்ல மிஸ் அத நல்ல கட்டுரைன்னு வாசிச்சாங்க. படத்தையும் காட்டுனாங்க. எங்க வீட்டுக் கதவு. எல்லாரும் திரும்பி என்னையப் பாத்தாங்க. ரெண்டு மாசம் நான் ஸ்கூலுக்கே போகல."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?" கேட்டிருக்கவே கூடாது.

"சொல்லியிருந்தா அதையும் எழுதியிருப்பீங்க."

மத்தியானச் சோற்றோடு கூட்டம் முடிந்தது. மூன்று மணிக்கு, வீட்டுக்கு வரலாமா என்று அவளிடம் கேட்டேன். அம்மாவைக் கேட்டுவிட்டு வந்துதான் கூட்டிப்போனாள்.

அக்காவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "நீங்க எழுதுனது பொய்யில்லைங்க சார். ஆனா உங்ககிட்டதானே சொன்னேன்? நானே சொல்லி எழுத வச்சேன்னு நெனச்சு புள்ள ஒரு வருஷம் எங்கூட பேசல."

மன்னிப்புக் கேட்டேன்.

"அது இருக்கட்டும். மொதல்ல அத எடுத்துருங்க."

லயத்தில் சிக்னல் இல்லை. மூவரும் கோயில் வளைவு வரை ஏறினோம். அழிக்கப் போன என் விரல் ஒரு கணம் நின்றது. ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. சுகந்தி அதைக் கவனித்துவிட்டாள். அழித்தேன்.

"போயிருச்சா?"

"என்கிட்ட இருந்து போயிருச்சுக்கா. வேற மூணு இடத்துல எடுத்துப் போட்டிருக்காங்க. அவங்களுக்கும் எழுதுறேன்."

இதுவரை ஒருவர்தான் நீக்கியிருக்கிறார்.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் முச்சக்கர வண்டி மேலே வராது, காலில் அட்டை ஏறும், உப்பு கொண்டு போங்கள். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கியவுடனேயே கேட்டு வையுங்கள். நான் கேட்காமல் ஒரு மணி நேரம் நின்றேன். யாராவது தேத்தண்ணி கொடுத்தால் குடியுங்கள். எழுத நினைத்தால் அங்கேயே கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். குழுவில் நான் போட்ட குறிப்புகள் எதிலும் இது இல்லை.

இந்தப் பயணத்தை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "நீங்க செஞ்சத எழுதுங்க. எங்க பேரு வேணாம்" என்றார். நேற்று தொலைபேசியில் முழுவதையும் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். அக்கா இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன். இருந்ததிலேயே நல்ல வரிகள் அவைதான் என்று நினைத்திருந்தேன்.