அரைமணி அக்கா

வாசற்கதவருகே நின்று அக்கா கைப்பேசியில் 'பணி முடிந்தது' என்ற பொத்தானை அழுத்துவார். கழற்றிவைத்த செருப்பை மாட்டாமலேயே மறுபடியும் உள்ளே போவார். ஓராண்டாக இதுவே வழக்கம். அவர் வேலைபார்க்கும் முதியோர் பராமரிப்பு நிறுவனம் அந்த வீட்டுக்கு ஒதுக்கியிருப்பது அரைமணி நேரம்: உடம்பு துடைக்க, உடை மாற்ற, மாத்திரை கொடுக்க, ஊட்ட.

உள்ளே காத்திருப்பவர் எண்பத்தொரு வயது முன்னாள் லாரி ஓட்டுநர். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு விழுங்குவதே பெரிய வேலை. குரல்வளை இருமுறை ஏறி இறங்கினால்தான் அடுத்த கரண்டி, முந்தினால் புரையேறிவிடும்.

"வாயத் தொறங்க ஐயா. வண்டி கெளம்பிருச்சு."

"மேடு ஏறுறேன். கியர் மாத்த விடு, அரைமணி."

'அரைமணி' என்பது ஓட்டுநர் வைத்த பெயர். பிறகு, அக்கா பார்த்துக்கொள்ளும் ஆறு வீடுகளிலும் அதுவே நிலைத்துவிட்டது. வீடுகளுக்கு இடையே நடக்கும் நேரத்துக்கு ஊதியம் கிடையாது. கேட்டால், "உள்ள இருந்தாத்தான் சம்பளம். நடக்குறது என் செருப்போட செலவு" என்பார். தோள்பையில் நகவெட்டி, துவாலை, யாருக்காவது உதவும் என்று ஒரு ஜோடி காலுறை.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் அழைத்தார்.

"அக்கா, டிரைவர் வீட்டுக்கு நாளையிலேர்ந்து இருவது நிமிஷந்தான்."

"இருவது நிமிஷத்துல அவர் எப்படித் தம்பி முழுங்குவாரு?"

"உங்க பதிவப் பாத்துத்தான் முடிவு பண்ணாங்க. ஒரு வருஷமா ஒருநாள்கூட அரைமணி தாண்டல. அப்ப இன்னும் கொறைக்கலாமேன்னு மேல சொல்லிட்டாங்க."

அக்கா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். முதியவருக்காக ஊதியமின்றிச் செலவிட்ட நேரமெல்லாம் எங்கும் பதிவாகவில்லை. பதிவானது, அவருக்கு அரைமணியே போதும் என்ற சாட்சியம் மட்டுமே. அதை அக்கா தம் விரலாலேயே நாள்தோறும் அளித்திருந்தார்.

"பொத்தான அழுத்திட்டு அப்புறமும் உள்ளதான் தம்பி இருந்தேன்."

"ஐயோ, அத யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. மூணு நாள் தொடர்ந்து நேரம் தாண்டினா, வீட்டுக்கு ஆள் வந்து பாத்து நேரத்தக் கூட்டுவாங்க. ஆனா உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். ஏற்கெனவே வேற வீட்டுக்காக ஒண்ணு வாங்கியிருக்கீங்க. ரெண்டாவது வந்தா வேலை இல்ல, அக்கா."

செவ்வாய்க்கிழமை. உடம்பு துடைத்து, உடை மாற்றி, மாத்திரை கொடுத்து முடித்தபோதே பதினைந்து நிமிடம் கரைந்திருந்தது. மூன்றாவது கரண்டியில் கைப்பேசி மேசைமேல் அதிர்ந்தது: 'நேரம் முடிந்தது.'

"கூப்புடுது பாரு. போயி அழுத்திட்டு வா," என்றார் ஓட்டுநர். அவருக்கும் அந்த வழக்கம் தெரியும்.

"நீங்க மேட்டப் பாத்து ஓட்டுங்க."

கைப்பேசி மீண்டும் அதிர்ந்தது. அக்கா அதைக் குப்புறக் கவிழ்த்து, மேலே துவாலையை மடித்துவைத்தார். பிறகு நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, முதியவரின் கழுத்தையே பார்த்தார். குரல்வளை ஒருமுறை ஏறி இறங்கியது. நிறைந்த கரண்டியைக் கையில் ஏந்தியபடி, இரண்டாவது அசைவுக்காகக் காத்திருந்தார்.