எரவல் முசே

“குண்டுப் பின் சார்ஜர் எவன்கிட்டடா இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே குமாரவேல் சார் விடுதி மாடிப்படி ஏறுகிறார். சாயங்கால டிபன் முடிந்து, பையன்கள் கைலிக்கு மாறியிருக்கும் நேரம். அவருடைய சார்ஜர் கீழே அவர் அறைச் சுவரிலேயே தொங்குகிறது. அது எல்லோருக்கும் தெரியும்.

லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் அவர் பிசிக்ஸ் வாத்தியார். ஆண்கள் விடுதிக்கு டெபுடி வார்டன். நெயில் கட்டர், குடை, ஊசி நூல், அயர்ன் பாக்ஸ் என்று மாணவர்களிடம் அவர் இரவல் வாங்காத சாமான் இல்லை. தானாகத் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரமும் இல்லை. ‘எரவல் முசே’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த ஊரில் பெரிய மனிதர்களை ‘முசே’ என்று கூப்பிட்ட பிரெஞ்சுக் காலத்தின் மிச்சம் அந்தச் சொல். மனிதர் கஞ்சர் என்பதில் விடுதியில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அவருக்குச் சொந்த ஊர் பிள்ளைச்சாவடி. “எங்க குப்பத்துல எரவல் கேக்காத வூடுன்னா, பேச்சுவார்த்த இல்லாத வூடுன்னு அர்த்தம்” என்பார். அதற்கு மேல் விளக்கம் வராது. ‘மனசுக்கு ஏதாவது கஷ்டமா’ என்று கேட்டால் எந்தப் பையன் வாயைத் திறப்பான்? ஊசி கேட்டால் கதவையாவது திறப்பான். அப்புறம் தன் பொருளைக் கேட்டு அவன் கீழே வந்தாக வேண்டும். வந்தால், “இர்றா, தேடறேன். ஒக்காரு” என்பார். தேடுவதற்கு அவருக்கு வெகு நேரம் ஆகும். அதற்குள் அப்பாவின் குடி, அரியர், பேச்சை நிறுத்திவிட்ட பெண் எல்லாம் வெளியே வந்துவிடும். அலமாரியைக் குடைகிற சாக்கில் முதுகைக் காட்டியபடியே கேட்டுக்கொள்வார்.

போன செமஸ்டர் பரீட்சை நெருங்கிய சமயம், இரண்டாம் ஆண்டு அன்பழகனின் அறைக்குப் போனார். திருக்கனூர்ப் பக்கம் கரும்பு போடுகிற வீட்டுப் பிள்ளை. சில நாட்களாக மெஸ் பக்கமே காணோம்.

“கால்குலேட்டர் குட்றா, கொஞ்சம் கணக்கு இருக்கு.”

“வெச்சிக்குங்க சார்.”

“எப்ப வந்து வாங்கிக்கற?”

“வேணாம் சார். நீங்களே வெச்சிக்குங்க.”

கொடுக்க மாட்டேன் என்கிறவனைக் குமாரவேல் சாருக்குத் தெரியும். மறுநாளே சண்டை போட்டுப் பிடுங்கிக்கொண்டு போகிறவனையும் தெரியும். பரீட்சை நேரத்தில் கால்குலேட்டர் வேண்டாம் என்றவன் இவன் ஒருவன்தான். அறையைச் சுற்றிப் பார்த்தார். சைக்கிள் சாவி மாட்டும் ஆணி காலியாக இருந்தது.

“சைக்கிள் எங்கடா?”

“பக்கத்து ரூம்காரனுக்குக் குடுத்துட்டேன் சார்.”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. “செத்துப் போலாம்னு நெனைக்கிறியா?” என்றார்.

பையன் உடைந்து அழுதான். அவர் புத்தி சொல்லவில்லை, திட்டவில்லை. அவன் ஓயும்வரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. அவனைத் தனியே விடாமல் வைத்திருந்து, அப்பாவைப் போனில் வரவழைத்து, இருவரையும் தானே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார். “பரீட்சய அடுத்த வாட்டி எழுதிக்கலாங்க. அது எங்கியும் ஓடிடாது” என்று அப்பாவிடம் சொன்னார்.

ஊரிலிருந்து வைத்தியம் பார்த்துக்கொண்டு, இந்த செமஸ்டர் ஆரம்பத்தில் அன்பழகன் திரும்பி வந்தான். இப்போது மெஸ்ஸில் சாப்பிடுகிறான். மருந்து ஒழுங்காகப் போகிறது. ஆனால் கால்குலேட்டரை மட்டும் கேட்கவில்லை. சார் அதைத் தினமும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். தானாகவே கொடுத்துவிடலாம்தான், மனசு வரவில்லை. தன் பொருள் தனக்கு வேண்டும் என்று அவன் வாயால் கேட்க வேண்டும். கேட்காமலே இருந்துவிடுவானோ என்ற பயம் அவரைத் தின்றது. கடன்காரனைத் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். கொடுத்தவன் வந்து கேட்க மாட்டானா என்று ஏங்கியவர் இவர்தான்.

இன்றைக்குச் சார்ஜர் தேடி ஏறுகிறவரைப் படியிலேயே மறிக்கிறான் அன்பழகன்.

“சார், என் கால்குலேட்டர குடுங்க. நாளைக்கு டெஸ்ட்டு. எத்தினி நாளுதான் வெச்சிக்கினே இருப்பீங்க?”

குரலில் நல்ல கோபம். சார் பையிலிருந்து அதை எடுத்து, தன் கைலி முனையில் துடைத்து, அவன் கையில் வைக்கிறார். வைத்த கையோடு அவன் சட்டையில் செருகியிருந்த பேனாவை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டு, மேலே ஏறிப் போகிறார்.