மாப்பிள்ளை கொண்டுவந்த நாலு கட்டை

பெண் வீட்டுக்குக் குடிபோகிற மாப்பிள்ளை வெறுங்கையோடு போனாலும் எங்கள் பக்கத்தில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். பாலமுனை முத்தலிப் சாக்குக்குள் நாலு மரக்கட்டையோடு போனார். பெண்ணின் ஊரான சாய்ந்தமருது சிரித்தது அதற்குத்தான்.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் விழுந்த முதிரை மரத்தில் அறுத்தெடுத்த கட்டைகள் அவை. அக்கரைப்பற்றில் உழவு மெசின் திருத்தும் கராஜில் வேலை செய்தபோது, தூக்கி நிறுத்தியிருந்த ஜக் சறுக்கி, மெசின் ஒரு கூட்டாளியின் இடுப்பில் இறங்கியதை முத்தலிப் கண்ணால் கண்டவர். அதற்குப் பிறகு, இந்தக் கட்டைகளால் முட்டுக்கொடுக்காத மெசினுக்குக் கீழே அவர் ஒரு விரலைக்கூட நீட்டியதில்லை. கேலி செய்கிறவர்கள் செய்யட்டும் என்று விட்டுவிடுவார். தன் வேலையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஆனால் புது மாப்பிள்ளைக்கு என்ன வேலை? சாப்பிடுவதுதான். மாமி ஹவ்வா உம்மா அவர் முகத்துக்கு நேரே வரவேமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று, "மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு துண்டு மீன் வை" என்று மகள் முனவ்வறாவிடம் சொல்வதோடு சரி. மாமா மீராசா நேரே கதைப்பார். ஒரு துரும்பைத் தூக்க விடமாட்டார். இந்த மரியாதை கட்டைகளுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு தண்ணீர் டிரம்முக்குக் கீழே போயின. ஒன்று கோழிக்கூட்டுக் கதவுக்கு அணையாயிற்று. மற்றதில் ஹவ்வா உம்மா குந்தியிருந்து மீன் ஆய்ந்தார்.

அந்த வருடப் பெரும்போக விதைப்புக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. மீராசாவிடம் தோட்டத்துக்கும் வயலுக்கும் ஓடுகிற ஒரு சின்ன உழவு மெசின் இருந்தது. விடிந்தால் அது வயலில் இறங்கவேண்டும். ஆனால் போன போகத்துச் சேற்றுத்தண்ணீர் கியர் பெட்டிக்குள் புகுந்து, ஒயில் பால் தேத்தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது. மாற்றாமல் ஓட்டினால் பற்சில்லுகள் மிஞ்சாது. மெசினோ தரையோடு தரையாக நிற்பது. பின்பக்கத்தை உயர்த்தினால்தான் அடியில் இருக்கும் நட்டைக் கழற்றலாம்.

"நான் மாத்திறன் மாமா" என்று முத்தலிப் எழும்பினார்.

"நீங்க அப்பிடி இரிங்க மகன். புது மாப்பிள்ள ஒயில் சட்டியோட நிண்டா ஊருல என்ன கதைப்பாங்க?"

முத்தலிப் உட்கார்ந்தார். மாமா சொல்லுக்கு மறுசொல் சொல்ல அவருக்கு இன்னும் உரிமை வரவில்லை. மீராசா ஜக்கைக் கொண்டுவந்து வீட்டு வளவு மணலிலேயே வைத்தார். பின்பக்கம் மேலே வந்ததும், இளைய மகள் சுஹறாவுக்குக் கட்டப்போகிற வீட்டுக்கென்று அடுக்கியிருந்த செங்கல்லை எடுத்து அச்சுக்குக் கீழே முட்டாக வைத்தார். உருளாமல் இருக்க முன்சில்லுகளுக்கு ஒரு கல்கூட அணை இல்லை. தேத்தண்ணீர்க் கோப்பையும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்த முத்தலிப் முனவ்வறாவைக் கூப்பிட்டார்.

"செங்கல் தாங்காதுண்டு வாப்பாக்கிட்ட சொல்லு. ஜக்குக்குக் கீழ பலக போடச் சொல்லு. என்ட கட்டய வைக்கச் சொல்லு" என்று அவளை அனுப்பினார்.

மீராசா மகளைப் பார்த்துச் சிரித்தார். "நாம இரிக்கிற ஊடே செங்கல்லுலதான் நிக்கிது. இது நிக்காதா?" என்றவர் ஒயில் சட்டியையும் நட்டுக் கழற்றும் சாவியையும் எடுத்துக்கொண்டு மெசினுக்குக் கீழே புகுந்தார். நட்டு இறுகிக் கிடந்தது. அவர் மூச்சுப் பிடித்து நெம்ப நெம்ப மெசின் ஆடியது. ஜக்கின் ஒரு பக்கம் மணலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, வெளிய வாங்க."

"இந்தா, இளகிற்று மகன்."

முத்தலிப் கோப்பையைக் கீழே வைத்தார். போய்க் குனிந்து, மாமாவின் இரண்டு கணுக்காலையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். மீராசா மணலில் மல்லாக்க வந்தார். சாரன் நெஞ்சுக்கு வந்தது. முனவ்வறா வாயைப் பொத்திக்கொண்டாள். தன் வாழ்க்கை இதோடு போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள்.

மீராசா எழும்பிச் சாரனை உடுத்துக்கொண்டு மண்ணைத் துப்பினார். "என்ட ஊட்டுல, என்ட புள்ளைக்கு முன்னால, என்ட கால…"

மெசின் அசையாமல் நின்றது. அது அப்படியே நின்றுவிட்டால், வந்த சாக்கோடு பாலமுனைக்கு நடக்கவேண்டியதுதான் என்று முத்தலிபுக்குத் தெரியும். எல்லோரையும் கையால் விலக்கிவிட்டு, வேலியில் கிடந்த நீளக் கம்பை எடுத்தார். எட்டி நின்று, பின்சில்லின் மூடியில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார்.

செங்கல் நொறுங்கியது. ஜக் சரிந்தது. மெசினின் பின்பக்கம் தடாலென்று விழுந்தது. ஒயில் சட்டி தகடாகிவிட்டது. மீராசாவின் நெஞ்சு கிடந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் அந்தச் சட்டி இருந்தது.

ஹவ்வா உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். மீன் செதில் ஒட்டிய கட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மருமகனின் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"இந்தாங்க மகன், கட்ட."

அதற்குப் பிறகு வளவில் முத்தலிபின் சொல்தான். முன்சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கல் அணைத்தார். ஜக்குக்குக் கீழே தடித்த பலகை போட்டார். அச்சின் இரண்டு பக்கத்துக்கும் முதிரைக் கட்டைகளை வைத்து மெசினின் பாரத்தை அவற்றில் இறக்கினார். கம்பால் தள்ளிப் பார்த்தார். மெசின் மலைபோல நின்றது. அதன் பிறகுதான் கீழே போனார். வெளுத்த ஒயில் முழுதும் வடிந்து, புது ஒயில் ஏறியது. மறுநாள் மெசின் வயலில் இறங்கியது. ஓட்டியவர் புது மாப்பிள்ளை. ஊர் கதைத்தது, மீராசா காது கொடுக்கவில்லை.

சில வருடங்களில் சுஹறாவுக்கு மாப்பிள்ளை தேடினார்கள். தரகர் வந்து ஒருவரைப் பற்றி அளந்து தள்ளினார். தொழுகையாளியாம், அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகமாம், மாமனாருக்கு முன்னால் நிமிர்ந்தும் பார்க்கமாட்டாராம்.

மீராசா தலையை ஆட்டினார். "அப்பிடி ஆள் எனக்கு வேணா. நான் மெசினுக்குக் கீழ கெடந்தா, காலப் புடிச்சி இழுக்கிற ஒராளப் பாருங்க."