வெள்ளைக் குளிசை

பிரெஞ்சு பேசும் நகரொன்றின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் இருந்தபோது எங்கள் மருந்துக்கடைக்காரர் ஒரு கிரேக்கர். வயிறு பருத்த, நிதானமான மனிதர். மருந்து கொடுக்கும்போது மேசைக்கு வெளியே வந்து, பக்கத்தில் நின்றுதான் கதைப்பார்.

அம்மா குளிசைகளை நிறத்தால்தான் அறிவார். அந்தக் காலத்தில் அரசாங்க மருந்துக் காப்புறுதி அம்மாவுடைய ரோஸ் நிறப் பிரஷர் குளிசைக்கு முழுக்காசு கொடுப்பதை நிறுத்தி, மலிவான வெள்ளைக்கு மாற்றிவிட்டது.

"இது என்ர பிரஷர் குளிசை இல்லை. மாறித் தந்திட்டார் எண்டு சொல்லு."

நான் பிரெஞ்சில் சொன்னேன். மருந்து அதேதான், நிறம்தான் வேறு என்று அவர் விளக்கினார். அம்மா அசையவில்லை. கடைக்காரர் தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே அதே வெள்ளைக் குளிசைகள்.

"அம்மா, தனக்கும் பிரஷராம். தானும் இதைத்தான் போடுறாராம்."

அம்மா உடனே மருந்தை வாங்கிக்கொண்டார். பிறகு போகும்போதெல்லாம், "உப்பைக் குறைக்கச் சொல்லு அவரை" என்பார். அவரும் சிரிக்காமல் தலையாட்டுவார்.

இப்போது எனக்கும் பிரஷர். குளிசை போடும்போது அவர் நினைவு வரும். அன்று குப்பியில் நோயாளியின் பெயர் ஒட்டியிருந்த பக்கத்தை அவருடைய பெருவிரல் மறைத்திருந்தது. அவருக்கு உண்மையிலேயே பிரஷர் இருந்ததோ, தெரியாது.