வெட்டவெளியிலும் மெல்லப் பேசியவர்

வெளிநாட்டில், வால்தம்ஸ்டோ நகர்ப்பகுதியில், ஒரே அறைக்குள் நாங்கள் பலர் அடைந்து கிடந்த காலம் அது. எப்போதும் யாராவது இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பகலெல்லாம் கிசுகிசுப்புத்தான். அங்கிருந்த, பெற்றோல் நிரப்பும் நிலையத்தில் வேலை செய்த பெற்றோல் செட் அண்ணை, நெடிய, கூன் விழுந்த மனிதர், கரண்டி சட்டியில் முட்டாமல் கறி கிண்டுவார்.

ஒரு கோடையில் நானும் அவரும் நகருக்கு வெளியே, பொதுக் காட்டுவெளியில் கூடாரம் அடித்தோம். அடுத்த கூடாரம் வெகுதூரத்தில் சிறு புள்ளியாகத் தெரிந்தது. நடுப்பகல். அண்ணை துவாய்த் துண்டு சுற்றிய கல்லால் கூடார முளையைச் சத்தமில்லாமல் அடித்தார்.

"அண்ணை, இஞ்சை வாய்விட்டுக் கத்தலாம். ஒருக்காக் கத்துங்கோ!"

ஆசையோடு வாயைத் திறந்தார். தூரத்தில் தெரிந்த அந்தக் கூடாரத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி," என்று கிசுகிசுத்தார். "அவையளும் நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்திருப்பினம், பாவம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதையும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தேன்.